சிதம்பரம் போகாத நந்தன்

கொங்குக் கலைக் கதை – 8

சென்ற இதழில் சாமிக்கண்ணு வின்சென்ட்டைக் கோவை வெரைட்டி ஹால் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். ரயில்வே குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர் அவர். 1914-இல் சொந்த ஊரிலேயே நிரந்தரக் கொட்டகை கட்டி உட்கார்ந்தார். அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் பேச ஆரம்பித்தது. பேசியதைவிட அதிகமாகப் பாட ஆரம்பித்தது.

முப்பதுகளின் தமிழ்ப் படத்தில் முப்பது நாற்பது பாட்டு இருந்தால் யாரும் அதிசயப்படவில்லை. அரசன் அழுதாலும் பாட்டு, ஆண்டி பிச்சை கேட்டாலும் பாட்டு, காதலி கோபித்துக்கொண்டாலும் பாட்டு. நாடகக் கொட்டகையில் இருந்த பழக்கம் அப்படியே கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. இவ்வளவு பாட்டு பாடுகிற நாட்டில் அந்தப் பாட்டையே கிண்டல் செய்கிற ஆள் வராமல் போவானா? வந்தார். அவர் நாகர்கோவில்காரர். ஆனால் அவருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம்மவர். ஆனைமலைத் தொடர் வடக்கே சரிந்து சமவெளியாகும் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், பூளவாடி கிராமத்தில் பிறந்தவர்.

உடுமலை நாராயணகவி பிறந்தது 1899 செப்டம்பர் 25. அப்போது அது கோயமுத்தூர் ஜில்லா. இன்று திருப்பூர் மாவட்டம். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு முடிந்துவிட்டது. வீட்டில் வறுமை. தீப்பெட்டி விற்றார். தேசிய இயக்கம் சூடு பிடித்தபோது அதிலும் இறங்கினார். படிப்பு நின்றதே தவிர, தமிழ் நிற்கவில்லை. உடுமலை முத்துசாமிக் கவிராயரிடம் யாப்பும் நாடகப் பாட்டு கட்டும் வித்தையும் கற்றார். கவிராயர் நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துப் பேர் வாங்கிய ஆள். அந்தக் காலத்து நாடகப் பாட்டு எழுதுவது சின்ன வேலை இல்லை. ஹார்மோனியக்காரர் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுவார். அதற்குள் சொல்லை அடக்க வேண்டும். அசை ஒன்று மிஞ்சினாலும் நடிகர் மேடையில் மூச்சு வாங்குவார்.

மெட்டுக்கு எழுதுவது தமிழில் பழைய பழக்கம். குஜிலிக் கடையில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் தெரியும். வெள்ளம் வந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும், கொலை நடந்தாலும் உடனே ஒரு பாட்டு அச்சாகிவிடும். அதன் தலையில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். ராகம், தாளம், ஸ்வரம் எதுவும் தேவையில்லை. அந்தப் பாட்டு உனக்குத் தெரியும், அதே மாதிரி இதைப் பாடிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. பெரும்பாலும் இதில் கேலி இல்லை, வசதி மட்டும்தான். பழைய மெட்டும் புதுச் சொல்லும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும்படி வைத்தால் மட்டுமே சிரிப்பு வரும். அந்த முறைப்பை வைப்பதற்கு மெட்டும் தெரிய வேண்டும், முறைக்கவும் தெரிய வேண்டும்.

முறைக்கத் தெரிந்தவர் என். எஸ். கிருஷ்ணன்.

1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். அவருக்கும் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், மேடையில் என்ன நடக்கிறது என்பதை விற்றுக்கொண்டே பார்த்துக் கற்றான். நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டு கோயில் கொடைக்குக் கொடை ஒலிக்கும். ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட, கதை நடுவே சிரிப்பும் வசையும் வந்து போகும். கிருஷ்ணனும் வில்லுப்பாட்டில் தேறியவர். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சினிமாவில் அவர் முகம் முதலில் தெரிந்தது 1935-இல் வந்த ‘மேனகா’வில். டி.கே.எஸ். குழு மேடையில் நடித்த நாடகம்தான் அது. ராஜா சாண்டோ இயக்கினார். திருப்பூர்ப் பக்கத்துப் பங்காளிகள் முதல் போட்டு எடுத்த படம். அதில் இருந்த சோமசுந்தரமும் மொகிதீனும்தான் பின்னால் ஜுபிடர் பிக்சர்ஸ் என்ற பெரிய கம்பெனியை நடத்தியவர்கள். ஆகக் கிருஷ்ணனின் முதல் சினிமாக் காசில் கொங்கு நாட்டுப் பங்கும் உண்டு.

அடுத்த ஆண்டு ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனா போனபோது டி. ஏ. மதுரத்தின் அறிமுகம். இருவரும் வாழ்க்கையிலும் திரையிலும் ஜோடி ஆனார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியத்தைச் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது இந்தத் தொடர் எழுதுகிறவனின் எண்ணம். கிருஷ்ணன் ஒரு நடிகராகப் படத்துக்குப் போகவில்லை. ஒரு குழுவாகப் போனார். நகைச்சுவைப் பகுதியை அவரே யோசித்தார், அவரே வசனம் அமைத்தார், அவர் ஆட்களே நடித்தார்கள், பாட்டும் அவருக்கு என்று தனியாக எழுதப்பட்டது. கதாநாயகன் காட்டில் அலைந்துகொண்டிருக்க, இவர்கள் இன்னொரு பக்கம் வேறொரு படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்காரர்கள் சுவரொட்டியில் அவர் பேரைப் பெரிதாகப் போட்டது சும்மா இல்லை.

அந்தக் குழுவின் பாட்டுப் பட்டறை உடுமலை நாராயணகவி. அவர் காங்கிரஸ் தேசியத்திலிருந்து பெரியாரின் பகுத்தறிவுப் பக்கம் வந்து சேர்ந்தவர். கிருஷ்ணனும் அதே திசையில் நடந்துகொண்டிருந்தார். இருவருமே பிரசங்கம் செய்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று அறிந்தவர்கள். சிரிக்க வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். எதை வைத்துச் சிரிக்க வைப்பது? ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை வைத்துத்தான். அப்படித் தெரிந்திருந்தது நந்தனார் கதை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை சில பாடல்களில் முடிந்துவிடும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், தில்லைக் கூத்தனைக் காண ஏங்கியவர், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாள் கடத்தியவர், கடைசியில் தீயில் மூழ்கி எழுந்து சந்நிதி சேர்ந்தவர். இதை எடுத்துப் பெரிய இசை நாடகமாக விரித்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சேக்கிழார் சொல்லாத ஒரு ஆளை அவர் உள்ளே கொண்டுவந்தார்: நந்தனை அடிமையாக வைத்திருக்கும் பண்ணை வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் நட்டு முடித்துவிட்டுப் போ என்று வேதியர் சொல்வதும், விடிவதற்குள் பயிர் விளைந்து நிற்பதும் பாரதியாரின் கற்பனை. கதையின் உயிரே அந்த வேதியர்தான். அவர் இல்லாவிட்டால் நந்தனுக்கு முன்னால் தடையும் இல்லை, பார்ப்பவருக்குக் கோபமும் இல்லை.

பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போன கதையை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் மலிந்த நூலுக்குப் பாயிரம் கொடுக்க மகாவித்துவானுக்கு மனமில்லை. நாளைக்கு வாரும், பிறகு வாரும் என்று தள்ளிப்போட்டார். திருநாளைப்போவார் சரித்திரம் எழுதியவருக்கே நாளை நாளை என்று பதில்! ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் பாட்டைத் தமக்குள் முணுமுணுக்க, உள்ளே இருந்தவர் காதில் அது விழுந்து உருகிப்போனார். இலக்கணம் தோற்றது. 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சாவதற்குக் கை கொடுத்தவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. படம் காட்டும் இயந்திரம் ஒரு பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து, நந்தன் சரித்திரம் அச்சேறியது இன்னொரு பிரெஞ்சுக்காரர் கையால். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதன்பின் நந்தன் எங்கும் நிறைந்தான். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டிய கீர்த்தன் முறையைத் தமிழ்க் கதாகாலட்சேபத்தோடு இணைத்து வளர்த்தபோது நந்தன் சரித்திரம் அந்த மேடையின் முக்கியமான கதைகளில் ஒன்றானது. கையில் சிப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், ஹார்மோனியம், ஜால்ரா, பின்பாட்டுக்காரர். பாகவதர் கொஞ்சம் வசனம் பேசுவார், ஒரு சாகி பாடுவார், திண்டி பாடுவார், உபகதை சொல்வார், மறுபடி கதைக்கு வருவார். இரவு முழுக்க இது நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நந்தன் சொன்ன சொல்லும் வேதியர் சொன்ன சொல்லும் தலைகீழ்ப் பாடம்.

பேசும்படம் வந்ததும் நந்தனை விடுவார்களா? 1935-இல் ‘பக்த நந்தனார்’. நந்தனாக நடிக்கக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் பேசினார்கள். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது ஊர் வாய் பிளந்த தொகை. கணவர் கிட்டப்பா மறைந்து துக்கத்தில் இருந்தவரைச் சினிமாவுக்கு இழுத்து வந்த தொகையும் அதுதான். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதையர். பெண்குரலில் நந்தனும் சங்கீத வித்துவான் குரலில் வேதியரும் மாறி மாறிப் பாடினார்கள். ஆனந்த விகடனில் கல்கி அதற்கு எழுதிய விமரிசனம் படத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது. மனிதர்களை ஒதுக்கிவிட்டு, பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நடித்த அழகை அவர் மெச்சியிருந்தார். 1942-இல் ஜெமினி வாசன் மறுபடி எடுத்தார். இம்முறை தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். இது ஊரெல்லாம் ஓடியது.

ஆக நாற்பதுகளின் நடுவில் தமிழ்நாட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் நந்தன் கதை சொல்வார்கள். கேலிப்பாட்டுக்காரனுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. உழுது, உரம் போட்டு, தண்ணீரும் பாய்ச்சி வைத்திருந்தார்கள். விதை மட்டும் மாற்றிப் போட வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு முன் சிறை குறுக்கிட்டது. 1944 தீபாவளிக்குக் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த ‘ஹரிதாஸ்’ வெளியானது. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை. படம் சென்னையில் மூன்று தீபாவளி பார்த்தது என்பது எல்லாருக்கும் தெரியும். படத்தில் இருந்த இருவர் அடுத்த தீபாவளியை வெளியே கொண்டாடவில்லை. நவம்பரில் ‘இந்து நேசன்’ பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட, டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். கோவைப் படத்தயாரிப்பாளர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள்.

பாகவதர் வெளியே வந்தபோது அவருடைய காலம் முடிந்திருந்தது. கிருஷ்ணனுக்கு அப்படி ஆகவில்லை. காரணம் அவருடைய குழு கலையாமல் இருந்தது. சிங்காநல்லூரில் பிறந்த எஸ். வி. சகஸ்ரநாமமும் மதுரமும் அவர் பெயரிலேயே நாடக சபா நடத்தி, ‘பைத்தியக்காரன்’ நாடகத்தைப் போட்டு, அதைப் படமாகவும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் சிறையிலிருந்து நேராக வந்து படத்தில் சேர்ந்துகொண்டார். தனி நடிகனாக இருந்திருந்தால் திரும்பி வர இடம் இருந்திருக்காது.

அந்தக் குழுவின் உச்சம் ‘நல்லதம்பி’. 1949 பிப்ரவரி. என்.எஸ்.கே. பிலிம்ஸ் தயாரிப்பு, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், அண்ணாதுரை வசனம், சி. ஆர். சுப்பராமன் இசை. கதை பிராங்க் காப்ரா 1936-இல் எடுத்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல்: கிராமத்து ஆள் ஒருவனுக்குப் பெரும் சொத்து வந்து சேர்கிறது. கதை நமக்கு இப்போது முக்கியமில்லை. படத்துக்குள் ஒரு கதாகாலட்சேபம் வருகிறது. கிருஷ்ணன் பாகவதராகிக் கதை சொல்கிறார். நாராயணகவி எழுதியது. கதையின் பேர் ‘கிந்தனார்’.

முதல் சில நிமிடங்கள் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. அதே மேடை, அதே தோரணை, அதே இழுப்பு. பாகவதர் பக்தியோடு ஆரம்பிக்கிறார். நந்தன் இருந்த இடத்தில் கிந்தன் இருக்கிறான். அவனும் தீண்டப்படாத குலத்துப் பிள்ளை. அவனுக்கும் ஒரு ஏக்கம். நந்தனுக்குச் சிதம்பரம், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். நந்தனை வேதியர் தடுத்தார். கிந்தனை வாத்தியார் தடுக்கிறார். நந்தன் உருகிய அதே உருக்கத்தோடு கிந்தன் படிப்புக்காக உருகுகிறான். அப்புறம் தீக்குளியல் இருக்க வேண்டிய இடத்தில் ரயில் வருகிறது! கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகிறான்.

அந்த ரயில் பாட்டு இந்தக் காலட்சேபத்தின் முதுகெலும்பு. சக்கரத்தின் சத்தத்தைத் தாளமாக வைத்து நாராயணகவி எழுதினார். ஊருக்குள் ஒரே தெருவில் நடக்கக் கூடாதவர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து போகிறார்கள். டிக்கெட் பரிசோதகர் சாதி கேட்பதில்லை, டிக்கெட் கேட்கிறார். நந்தனைச் சுத்தம் செய்ய நெருப்பு வேண்டியிருந்தது. கிந்தனுக்கு நிலக்கரி எரிந்தால் போதும். இதை மேடையில் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். பாகவதர் பாணியில் வந்ததால், சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று அவர்களுக்கு உறைத்தது.

ஆனைமலைப் பக்கத்துக்காரருக்கு அந்த ரயில் இன்னும் கொஞ்சம் நெருக்கம். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு இருப்புப்பாதை வந்தது 1915-இல். திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928-இல். பொள்ளாச்சி–பாலக்காடு பாதை 1932-இல். அதில்தான் ஆனைமலை ரோடு நிலையம். உடுமலைக்கு ரயில் வந்தபோது நாராயணகவிக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது. மாட்டு வண்டி ஊருக்குள் புகைவண்டி நுழைந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவர். யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது முதல் எல்லாவற்றுக்கும் ஊரில் கணக்கு இருந்த காலம். ரயில் பெட்டியில் மட்டும் அந்தக் கணக்குத் தடுமாறியது. நான்காம் வகுப்போடு நின்ற பையன் எழுதிய கதையில் பள்ளிக்கூடமே தில்லையாக மாறியதற்கும் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

‘கிந்தனார்’ ஏன் வெற்றி பெற்றது என்று யோசித்தால், அதில் யார் கேலிக்கு ஆளாகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். நந்தன் கேலிக்கு ஆளாகவில்லை. பாரதியாரின் பாட்டும் ஆளாகவில்லை. அந்த வடிவத்தை நாராயணகவி மூலத்துக்குரிய மரியாதையோடு நுணுக்கமாகக் கையாண்டிருக்கிறார். தாளம் தவறாது, சந்தம் தவறாது, சுப்பராமனின் இசையும் கோமாளித்தனம் பண்ணாது. கிருஷ்ணன் முகத்தைச் சுளித்துக் காட்டவில்லை. அடி விழுவது தடுத்தவன் முதுகில் மட்டும். சில வருஷங்களுக்கு முன் இந்தக் கதை கேட்டு அழுதவனையே சிரிக்க வைத்து, அவன் அழுததையும் அவமதிக்காமல் விடுவது லேசான காரியம் இல்லை.

மேல்நாட்டிலும் நல்ல கேலிப்பாட்டுக்காரர்கள் இதே வழியைத்தான் பிடித்தார்கள். 1710களில் பாரிஸ் சந்தைத் திடல்களில் நாடகம் போட்டவர்கள் மேல் அரசு ஆதரவு பெற்ற பெரிய நாடக அரங்குகள் தடை வாங்கின. மேடையில் பேசக் கூடாது, பாடவும் கூடாது. நடிகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு வரியை எழுதிய பலகை மேலிருந்து இறங்கியது. மெட்டு ஊருக்கே தெரிந்த பழைய மெட்டு. வாத்தியக்காரர் எடுத்துக் கொடுக்க, பார்க்க வந்த கூட்டமே பாடித் தீர்த்தது. கூட்டத்தை எப்படிக் கைது செய்வது? நம் குஜிலிப் புத்தகத்தின் வர்ணமெட்டு ஏற்பாட்டை ஆயுதமாகத் திருப்பிப் பிடித்த மாதிரி.

நம் காலத்திலும் பிரான்சின் நாந்த் நகரத்தில் ‘அல்ட்ரா வோமிட்’ என்றொரு ராக் குழு இருக்கிறது. 2000-இல் தொடங்கியது. காது கிழியும் ஹெவி மெட்டல் வாசிப்பார்கள்; பாடும் விஷயம் மட்டும் விளையாட்டு. 2017-இல் வந்த ‘பான்சர் சர்ப்ரைஸ்’ தொகுப்பில் ‘கலோஜிரா’ என்று ஒரு பாட்டு. கோஜிரா என்பது உறுமும் மெட்டல் குழு. கலோஜெரோ என்பவர் மென்மையாகப் பாடும் நட்சத்திரம். இரண்டு பேரையும் ஒட்டி, இரண்டு பாணியையும் ஒரே பாட்டில் அடைத்திருக்கிறார்கள். கிதார் வாசிப்பில் துளி அசட்டை இருந்தால் இந்த வேடிக்கை செத்துவிடும். தமிழில் 2010-இல் வந்த சி. எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ இதே கட்டுப்பாட்டைக் காத்தது. பழைய சினிமாப் பாட்டுகளில் வந்த பொருளில்லாத சொற்களைத் திரட்டியே ஒரு காதல் பாட்டு. இசையமைப்பாளர் கண்ணன் அதை ஹரிஹரனையும் ஸ்வேதா மோகனையும் பாட வைத்தார். அவர்கள் அசல் காதல் பாட்டுக்குக் கொடுக்கும் அதே உருக்கத்தைக் கொடுத்தார்கள். பாடுகிறவர் சிரித்திருந்தால் கேட்கிறவர் சிரித்திருக்க மாட்டார்.

‘நல்லதம்பி’யில் நாராயணகவியின் இன்னொரு பாட்டும் உண்டு. கிருஷ்ணனும் மதுரமும் கணவன் மனைவி பேச்சாகப் பாடுவது. விஞ்ஞானம் வளர்ந்து, பொத்தானை அமுக்கினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கும் நாளைக் கனவு காண்பது. அன்றைக்குப் பெரும்பாலான கிராமங்களில் மின்கம்பமே கிடையாது. இன்று அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு அதில் எது வேடிக்கை என்றே புரியாமல் போகலாம்.

அதே பிப்ரவரியில் ஜுபிடரின் ‘வேலைக்காரி’யும் வந்தது. அண்ணாதுரையின் கதை, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படம், பாட்டு நாராயணகவி. ஒரே மாதத்தில் இரண்டு படங்களும் தமிழ்நாட்டு அரசியல் பேச்சை மாற்றின. அந்த ஆண்டு செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. 1952-இல் ‘பராசக்தி’, அதில் காக்கைகளை அழைத்துப் பகிர்ந்துண்ணச் சொல்லும் பாட்டு பூளவாடிக்காரர் எழுதியது. அதே ஆண்டு கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கட்சியின் மூன்று முதலெழுத்துகளையும் திரையில் ராகம் போட்டுப் பாடினார். தணிக்கைக்காரர் கேட்டால் பதில் தயார்: திருக்குறள் பெயரில் ஒரு முன்னணிக் கழகம், அதன் சுருக்கம்தான் இது. கொட்டகையில் விசில் பறந்தது என்றால் அது திருக்குறளுக்காக அல்ல.

கிருஷ்ணன் சம்பாதித்ததை எல்லாம் கொடுத்தே கரைத்தார். 1957 ஆகஸ்ட் 30 அன்று, ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே இறந்தார். குழு கலைந்தது. நாராயணகவி அதற்குப் பின்னும் எழுதினார். ஆனால் சினிமாப் பாட்டின் போக்கு மாறிவிட்டிருந்தது. பட்டுக்கோட்டையும் கண்ணதாசனும் வந்துவிட்டார்கள். பாட்டு மேடைப் பேச்சிலிருந்து பேச்சு வழக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாராயணகவி சந்தடி இல்லாமல் பூளவாடிக்குத் திரும்பினார். 1981 மே 23-இல் அங்கேயே காலமானார். உடுமலைப்பேட்டையில் அரசு மணிமண்டபம் இருக்கிறது. 2008-இல் தபால்தலை வந்தது.

கேலிப்பாட்டு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. தேர்தல் வந்தால் பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, அந்த ஆண்டில் ஹிட்டான சினிமா மெட்டில் வேட்பாளர் சின்னத்தைப் பாடுகிறார்கள். பெரும்பாலும் சந்தம் இடிக்கும். நாராயணகவி கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். கோயமுத்தூர்க் குசும்பு என்று தமிழ்நாடே பேர் வைத்த நக்கலுக்கும் அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. பூளவாடி இருக்கும் அதே உடுமலை வட்டாரத்தில், வல்லக்குண்டாபுரத்தில் 1939-இல் ஒரு குழந்தை பிறந்தது. நாடகத்தில் வளர்ந்து, கவுண்டமணி என்ற பெயரில் அந்தக் குழந்தை எதையெல்லாம் கிண்டல் செய்தது என்பது தனிக் கதை. அதற்கு இன்னும் சில இதழ்கள் பொறுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் தூத்துக்குடியில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, மேல்நாட்டு யோடலைத் தமிழ்த் தொண்டைக்குக் கொண்டுவந்த ஜே. பி. சந்திரபாபுவைப் பார்த்துவிட வேண்டும். கிருஷ்ணன் குழுவாக வந்தார். இவர் தனியாகவே வந்தார்.

(தொடரும்)